கரம்பா: ஒரு காட்டுப் பூங்காவுக்கு வந்து போனவர்கள்

காங்கோ ஜனநாயகக் குடியரசின் வரைபடத்தை விரித்து அதன் வடகிழக்கு மூலையைப் பார்த்தால், தெற்கு சூடான் எல்லையை ஒட்டினாற்போல் கரம்பா என்ற பெயர் தென்படும். தலைநகர் கின்ஷாசாவிலிருந்து நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 1,800 கி.மீ. தூரம். நடுவில் கிடப்பது உலகின் இரண்டாவது பெரிய மழைக்காடு. எனவே கின்ஷாசாவில் வண்டியைக் கிளப்பி நான்கைந்து நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றெல்லாம் கணக்குப் போட முடியாது. கரம்பாவைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர் பெரும்பாலும் பக்கத்து நாடான உகாண்டாவின் என்டெபே விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு குட்டி விமானத்தில் ஏறுவார். டுங்கு ஆற்றின் கரையில் நகேரோ என்று ஓர் இடம். அங்கே மண்ணால் ஆன ஓடுதளம், காவலர் குடியிருப்பு, அலுவலகம், ஆற்றில் நீர்யானைகள். பூங்காவின் தலைமையகம் அதுதான்.

விமானத்திலிருந்து பார்த்தால் ஒரே புல். சுமார் 5,000 சதுர கி.மீ. பரப்புள்ள இந்தப் பூங்காவின் பெரும்பகுதி மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் புல்வெளி. மழைக்காலத்தில் இந்தப் புல் இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்கு வளர்ந்துவிடும். மனிதன் உள்ளே போனால் தலை தெரியாது. யானைகூட முதுகு மட்டும்தான் தெரியும்படி நிற்கும். மழை நின்று புல் காய்ந்து, தீ பரவி எரிந்த பிறகுதான் தரை கண்ணுக்குத் தெரியும். மிருகங்களைத் தேடி வருபவர்களுக்கு, அவர்கள் எந்த நோக்கத்தோடு வந்தாலும் சரி, இந்தக் காய்ந்த மாதங்கள்தான் வசதி. கரம்பாவின் நூறு வருட வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தப் புல்லின் உயரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனை தூரத்தில் இருக்கும் ஒரு புல்வெளிக்கு யார் வருவார்கள் என்று தோன்றலாம். ஆனால் வந்தவர்களின் பட்டியல் ஆச்சரியமானது. வேட்டைக்காரர்கள், அருங்காட்சியக ஆட்கள், யானை பழக்குபவர்கள், விஞ்ஞானிகள், ஒரு நகைச்சுவை எழுத்தாளர், அகதிகள், குதிரையில் வந்த கொள்ளையர்கள், ஒரு கிளர்ச்சிப் படை. இவர்களில் பலர் வந்தது ஒரே ஒரு மிருகத்துக்காக. அதன் பெயர் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக் காண்டாமிருகம் வெள்ளையாக இருக்காது. மற்ற காண்டாமிருகங்களைப் போலவே சாம்பல் நிறம்தான். அகன்ற வாயைக் குறிக்கும் ஒரு டச்சுச் சொல்லை ஆங்கிலேயர்கள் தவறாகக் காதில் வாங்கியதால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. கதை அழகாக இருக்கிறதே தவிர அதற்குச் சரியான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. வாய் அகலம் என்பது மட்டும் உண்மை. கறுப்புக் காண்டாமிருகம் புதர்களின் இலையைக் கடித்துத் தின்னும். வெள்ளைக் காண்டாமிருகமோ பசுவைப் போலத் தலையைக் குனிந்து புல் மேயும்.

இந்த மிருகத்தில் இரண்டு வகை உண்டு. தென்னாப்பிரிக்கப் பகுதியில் ஒன்று, அங்கிருந்து ஆயிரக்கணக்கான கி.மீ. வடக்கே காங்கோ, சூடான், உகாண்டா, சாட், மத்திய ஆப்பிரிக்கா பகுதிகளில் இன்னொன்று. தெற்கு வகையை 19-ம் நூற்றாண்டிலேயே கிட்டத்தட்டச் சுட்டு முடித்துவிட்டார்கள். 1895-ல் உம்ஃபொலோசி என்ற இடத்தில் ஒரு காப்பகம் அமைத்தபோது மிஞ்சியவை நூறுக்கும் குறைவு. அந்தச் சமயத்தில் வடக்கில் இன்னொரு கூட்டம் இருப்பதே வெளியுலகத்துக்குச் சரியாகத் தெரியாது. பவல்-காட்டன் என்ற ஆங்கிலேய வேட்டைக்காரர் நைல் நதியின் மேற்குக் கரையிலிருந்து கொண்டுபோன மாதிரியை வைத்து, 1908-ல் லைடெக்கர் என்ற விலங்கியலாளர் இதைத் தனி வகையாக விவரித்து, வேட்டைக்காரரின் பெயரையே அதற்கு வைத்தார். சுட்டவர் பெயரே மிருகத்தின் பெயரானது! அந்தக் காலத்தில் அது ஒரு மரியாதை.

அடுத்து வந்தவர் அவரைவிடப் பெரிய ஆள். அமெரிக்க ஜனாதிபதி பதவியை முடித்துவிட்டு ஆப்பிரிக்க வேட்டைக்குக் கிளம்பிய தியோடர் ரூஸ்வெல்ட், 1910-ம் வருட ஆரம்பத்தில் லாடோ என்ற பகுதிக்கு வந்தார். அது கரம்பாவுக்குக் கிழக்கே நைல் நதியை ஒட்டிய நிலம். அதற்குச் சற்று முன்பு வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் கையில் இருந்தது. அங்கே ரூஸ்வெல்டும் அவர் மகன் கெர்மிட்டும் சேர்ந்து ஒன்பது வெள்ளைக் காண்டாமிருகங்களைச் சுட்டார்கள். அருங்காட்சியகங்களுக்காக என்பது அவர்கள் சொன்ன காரணம். அமெரிக்காவில் காடுகளைப் பாதுகாக்கச் சட்டங்கள் போட்ட அதே மனிதர்தான் இவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் முகாமிட்ட ஊரின் பெயர் இன்றும் ரைனோ கேம்ப். உகாண்டாவில் இருக்கிறது. அங்கே காண்டாமிருகம் கிடையாது, தெற்கு சூடானிலிருந்து வந்தவர்களுக்கான பெரிய அகதிகள் குடியிருப்பு இருக்கிறது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஹெர்பர்ட் லாங், ஜேம்ஸ் சாப்பின் என்ற இருவரைக் காங்கோவுக்கு அனுப்பியது. 1909 முதல் 1915 வரை அவர்கள் அங்கே சுற்றினார்கள். கரம்பாவுக்குப் பக்கத்திலிருக்கும் ஃபராஜே என்ற ஊர் அவர்களுக்கு ஒரு தளம். பல்லாயிரம் உயிரின மாதிரிகளோடு வெள்ளைக் காண்டாமிருகத்தின் தோல்களும் எலும்புகளும் அமெரிக்காவுக்குக் கப்பலேறின.

இனி யானை விஷயம். இது கரம்பாவின் வரலாற்றில் யாரும் எதிர்பார்க்காத ஓர் அத்தியாயம். ஆப்பிரிக்க யானையைப் பழக்க முடியாது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் லியோபோல்டுக்கு அதில் ஆசை வந்தது. ரயிலும் சாலையும் இல்லாத காங்கோவில் சுமை தூக்க யானைகள் கிடைத்தால் எவ்வளவு லாபம்! 1879-ல் முதலில் ஒரு குறுக்குவழி தேடினார். இந்தியாவிலிருந்து நான்கு யானைகளையும் அவற்றின் பாகர்களையும் கப்பலில் ஏற்றி கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இறக்கினார்கள். அங்கிருந்து டாங்கனிகா ஏரியை நோக்கி நடைப்பயணம். பழக்கமில்லாத தீனி, அளவுக்கு மீறிய சுமை. யானைகள் ஒவ்வொன்றாக இறந்தன. அதோடு அந்தத் திட்டமும் முடிந்தது.

இருபது வருடம் கழித்து லாப்ளூம் என்ற அதிகாரி உள்ளூர் யானைக் குட்டிகளையே பிடித்துப் பழக்க ஆரம்பித்தார். பழக்கிய பெரிய யானைகளைக் கும்கிபோல் வைத்துக்கொண்டு புதிதாகப் பிடித்த குட்டிகளை நடுவில் நிறுத்தி நடத்துவார்கள். பாகர்களாக இருந்தவர்கள் அந்தப் பகுதியின் அஸாண்டே மக்கள். இந்த யானைப் பள்ளி பின்னர் கரம்பாவின் ஓரத்தில் கங்காலா நா போடியோ என்ற இடத்துக்கு வந்தது. ஏர் உழுதன, வண்டி இழுத்தன, மரம் சுமந்தன. அங்கே பாகனைப் பிரெஞ்சு மொழியில் ‘கோர்னாக்’ என்பார்கள். இந்தச் சொல் போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போன சிங்களச் சொல் என்று அகராதிகள் சொல்கின்றன. இலங்கையில் யானை பிடித்தவர்களின் சொல் லிஸ்பன், பாரீஸ், பிரஸ்ஸல்ஸ் எல்லாம் சுற்றிக் கடைசியில் ஓர் அஸாண்டே இளைஞனின் பதவிப் பெயராக வந்து நின்றது. லாரிகள் வந்ததும் யானைகளுக்கு வேலை இல்லாமல் போனது வேறு கதை.

பூங்கா 1938-ம் வருடம் மார்ச் மாதம் உருவானது. பெல்ஜியர்கள் 1925-லேயே ஆல்பர்ட் தேசியப் பூங்காவை (இன்றைய விருங்கா) அமைத்திருந்தார்கள். அங்கே மலைக் கொரில்லாக்கள். இங்கே வெள்ளைக் காண்டாமிருகமும் ஒட்டகச்சிவிங்கியும். அவர்களுடைய பூங்காக் கொள்கை மிகவும் கறாரானது. உள்ளூர்க்காரன் வேட்டையாடக் கூடாது, விறகு பொறுக்கக் கூடாது. விஞ்ஞானிகளுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. 1949 முதல் 1952 வரை டி சேகர் என்பவர் தலைமையில் ஒரு குழு வந்து தங்கி, புல், பூச்சி, தவளை என்று ஒன்று விடாமல் சேகரித்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அந்தக் கறார் பலன் தரவில்லை என்று சொல்ல முடியாது. 1960-களின் தொடக்கத்தில் கரம்பாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்கள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். ஆனால் அதே கறார் இன்னொன்றையும் செய்தது. ‘பூங்கா என்பது வெள்ளைக்காரனின் சொத்து’ என்ற எண்ணம் சுற்றியிருந்த ஊர்களில் ஊறிப்போனது. இதன் விலையை 2005-ல் பார்க்கப்போகிறோம்.

1960-ல் காங்கோ விடுதலை பெற்றது. நான்கே வருடத்தில் சிம்பா கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்காரர்கள் பூங்காவுக்குள் வந்தார்கள். துப்பாக்கி, பசி, சட்டம் இல்லாத நிலை. காண்டாமிருகங்கள் ஆயிரத்திலிருந்து சுமார் நூறாகச் சரிந்தன. அமைதி திரும்பியதும் மெல்லப் பெருகி 1970-களின் நடுவில் மறுபடியும் சில நூறு ஆயின. 1976-ல் எடுத்த கணக்கில் யானைகள் மட்டும் 22,000-க்கு மேல் இருந்தன. இன்று அந்த எண்ணைப் படிக்கும்போது அச்சுப்பிழையோ என்று தோன்றும்.

பிறகு வந்தது சந்தை. 1970-களில் எண்ணெய் நாடுகளுக்கு வேலைக்குப் போன ஏமன் நாட்டு இளைஞர்கள் கை நிறையக் காசோடு ஊர் திரும்பினார்கள். அந்த நாட்டில் ஆண்கள் இடுப்பில் செருகும் ‘ஜம்பியா’ கத்திக்குக் காண்டாமிருகக் கொம்பில் கைப்பிடி போடுவது அந்தஸ்தின் அடையாளம். முன்பு பெரிய வீட்டுக்காரர்களால் மட்டுமே வாங்க முடிந்ததை இப்போது எல்லோரும் கேட்டார்கள். கிழக்கு ஆசியாவில் மருந்துக்கான தேவை ஏற்கெனவே இருந்தது. கொம்பு என்பது நம் நகத்தில் இருக்கும் அதே கெராட்டின்தான். ஆனாலும் விலை எகிறியது. கொம்பும் தந்தமும் எல்லை தாண்டிச் சூடான் வழியாகப் போயின. 1984-ல் எண்ணிப் பார்த்தபோது கரம்பாவில் இருந்தவை 15 காண்டாமிருகங்கள். சூடானிலும் உகாண்டாவிலும் மற்ற இடங்களிலும் இருந்த கூட்டங்கள் அதற்குள் தடமில்லாமல் போய்விட்டன, அல்லது போய்க்கொண்டிருந்தன. ஆகவே உலகத்தில் காட்டில் வாழும் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் என்றால் இந்தப் பதினைந்துதான்.

அந்த வருடம் ஒரு மீட்புத் திட்டம் தொடங்கியது. கெஸ் ஹில்மன்-ஸ்மித் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவர் ஃப்ரேசர் ஸ்மித்தும் டுங்கு ஆற்றங்கரையில் வீடு கட்டிக் குடியேறினார்கள். இருபது வருடத்துக்கும் மேல் அங்கேயே இருந்தார்கள். கெஸ் ஒவ்வொரு காண்டாமிருகத்தையும் தனித்தனியாக அடையாளம் தெரிந்து வைத்திருந்தார். கொம்பின் வளைவு, காதில் உள்ள வெட்டு, மூக்கின் மேல் சுருக்கம் — இவைதான் அடையாள அட்டை. சிறிய விமானத்தில் தாழப் பறந்து எண்ணுவார்கள். காவலர்களுக்குச் சீருடை, சம்பளம், ரோந்துக்கு வழி, ஆறு கடக்கப் பாலம் என்று அடிப்படை வேலைகள் நடந்தன. பெரிய மந்திரம் எதுவும் இல்லை. பதினைந்து முப்பதானது. கொடுமையான வேட்டைக்குப் பிறகு மிஞ்சிய ஒரு சிறு கூட்டம், வேலியில்லாத காட்டில், எட்டு வருடத்தில் இரட்டிப்பானது சாதாரண விஷயம் இல்லை.

இந்த நம்பிக்கையான காலத்தில்தான் அந்த நகைச்சுவை எழுத்தாளர் வந்தார். விண்வெளிக் கதைகளுக்குப் பேர்போன டக்ளஸ் ஆடம்ஸ், அழியும் நிலையில் உள்ள விலங்குகளைப் பற்றி பி.பி.சி. வானொலிக்காக ஒரு தொடர் செய்ய விலங்கியலாளர் மார்க் கார்வர்டைனோடு உலகம் சுற்றினார். 1980-களின் இறுதியில் கரம்பாவுக்கு வந்தபோது எண்ணிக்கை 22. திறந்த புல்வெளியில் காண்டாமிருகத்தை நடந்தே நெருங்கிப் பார்த்தார். அந்த அனுபவம் அவரை விடவில்லை போலிருக்கிறது. 1994-ல் காண்டாமிருக வேடம் அணிந்த ஒரு குழுவோடு சேர்ந்து நிதி திரட்டக் கிளிமஞ்சாரோ மலை ஏறினார். 2001-ல் அவர் இறந்தபோது கரம்பாவில் காண்டாமிருகங்கள் இன்னும் இருந்தன.

இருந்தன என்பதுதான் விந்தை. ஏனென்றால் 1990-கள் முழுக்க அந்தப் பகுதி தீப்பிடித்து எரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் சூடான் உள்நாட்டுப் போர். பல்லாயிரக்கணக்கான அகதிகள் பூங்காவின் ஓரத்தில் வந்து குடியேறினார்கள், அவர்களோடு துப்பாக்கிகளும் வந்தன. 1996-ல் காண்டாமிருகங்கள் மறுபடியும் சுடப்பட்டன. அந்த வருடமே யுனெஸ்கோ கரம்பாவை ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியக் களங்களின் பட்டியலில் இரண்டாவது முறையாகச் சேர்த்தது. அடுத்து மொபுட்டுவைக் கவிழ்த்த போர். வந்த படை காவலர்களின் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டது. யானைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 1998-ல் இன்னொரு போர். நாடே துண்டு துண்டாகக் கிடந்தது. தலைநகரிலிருந்து சம்பளம் வராது, உத்தரவும் வராது. இத்தனைக்கும் நடுவில் காவலர்கள் ரோந்து போவதை விடவில்லை. 2003-ம் வருடத் தொடக்கத்தில் எண்ணியபோதும் ஏறக்குறைய முப்பது காண்டாமிருகங்கள். கரம்பாவின் வரலாற்றில் பாராட்டவேண்டிய காலம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இதற்கு யாரும் சிலை வைக்கவில்லை.

பிறகு குதிரைக்காரர்கள் வந்தார்கள். வடக்கே சூடானிலிருந்து கழுதைகளை ஓட்டிக்கொண்டு, நல்ல ஆயுதங்களோடு, ஒழுங்கான அணியாக வந்தார்கள். முதலில் யானையைச் சுட்டார்கள், பிறகு காண்டாமிருகத்தை. இது பசிக்காக மான் அடிக்கும் கிராமத்தான் வேலை இல்லை. ஒன்றரை வருடத்தில் முப்பது பத்தாகச் சுருங்கியது.

2005 ஜனவரியில் கடைசி முயற்சியாக ஒரு திட்டம் போட்டார்கள். மிஞ்சியவற்றில் ஐந்தைப் பிடித்துக் கென்யாவுக்குக் கொண்டுபோய்ப் பாதுகாப்பாக வைப்பது. கரம்பாவில் அமைதி திரும்பியதும் அவற்றையோ அவற்றின் குட்டிகளையோ திருப்பிக் கொண்டுவருவது. கின்ஷாசாவில் முதலில் ஒப்புதலும் கிடைத்தது. செய்தி வெளியே வந்ததும் புயல் கிளம்பியது. ‘நம் சொத்தை வெள்ளைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள்’ என்று அரசியல்வாதிகள் பேசினார்கள். கரம்பாவைச் சுற்றியிருந்த மக்களும் எதிர்த்தார்கள். அரசு பின்வாங்கியது. ஐந்தும் அங்கேயே நின்றன.

இதைப் படிக்கும்போது முதலில் கோபம்தான் வரும். தெற்கு வகை பிழைத்ததே இடம் மாற்றியதால்தான். 1960-களில் உம்ஃபொலோசியில் பெருகியவற்றைப் பிடித்து வேறு பூங்காக்களுக்கும் உலகத்தின் மிருகக்காட்சி சாலைகளுக்கும் அனுப்பினார்கள். நூறுக்கும் குறைவாக இருந்த கூட்டம் இன்று பதினைந்தாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. கண்முன்னே இந்த உதாரணம் இருக்கும்போது எப்படி மறுக்கலாம்?

ஆனால் கரம்பாவின் ஓரத்தில் வாழும் ஒருவரின் இடத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். அவர் தாத்தா காலத்தில் வந்தவர்கள் தோலையும் எலும்பையும் கொண்டுபோனார்கள். தந்தம் போனது, ரப்பர் போனது, தங்கம் போனது. பூங்கா என்று வேலி இல்லாமலே வேலி போட்டு அவரை வெளியே நிறுத்தினார்கள். இப்போது மறுபடியும் விமானத்தில் வந்து, ‘பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தருகிறோம்’ என்கிறார்கள். கொண்டுபோன எதையும் யாரும் அதுவரை திருப்பித் தந்ததில்லை. அவர் எப்படி நம்புவார்? அந்த மறுப்புக்குப் பின்னால் நூறு வருடக் காரணம் இருந்தது. அதே சமயம் அந்த மறுப்பு தவறு என்பதிலும் சந்தேகம் இல்லை. அடுத்த வருடம் தேடியபோது நான்கு காண்டாமிருகங்கள் கண்ணில் பட்டன. அதற்குப் பிறகு எத்தனையோ முறை தேடியும் ஒன்றைக்கூட உறுதியாகக் காண முடியவில்லை.

2005-லேயே ‘ஆப்பிரிக்கன் பார்க்ஸ்’ என்ற அமைப்பு காங்கோ அரசோடு ஒப்பந்தம் போட்டு நிர்வாகத்தை ஏற்றது. ஆனால் அதே சமயத்தில் இன்னொரு விருந்தாளியும் வந்து சேர்ந்தார். உகாண்டாவில் குழந்தைகளைக் கடத்திப் படையில் சேர்த்த ஜோசப் கோனியின் ‘லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி’ கரம்பாவுக்குள் முகாம் அடித்தது. ஆள் உயரப் புல் காண்டாமிருகத்தைக் காப்பாற்றவில்லை, ஆனால் இவர்களை நன்றாக மறைத்தது. 2006 ஜனவரியில் ஐ.நா. படையைச் சேர்ந்த குவாதமாலா வீரர்கள் எட்டு பேர் பூங்காவில் நடந்த மோதலில் கொல்லப்பட்டார்கள். 2008 டிசம்பரில் உகாண்டா ராணுவம் முகாம்கள் மீது குண்டு போட்டது. கோனி தப்பிவிட்டார். சிதறிய படை சுற்றுவட்டார ஊர்களில் கிறிஸ்துமஸ் நாட்களில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது. லாங்கும் சாப்பினும் தங்கிய ஃபராஜேயும் அந்த ஊர்களில் ஒன்று. 2009 ஜனவரி 2-ம் தேதி நகேரோவையே தாக்கினார்கள். காவலர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் இறந்தார்கள்.

அதன் பிறகும் நிம்மதி இல்லை. 2012 மார்ச் மாதம் 22 யானைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. பலவற்றுக்கு உச்சந்தலையில் குண்டு பாய்ந்திருந்தது. தரையில் நின்று அப்படிச் சுட முடியாது. ஹெலிகாப்டரிலிருந்து சுட்டிருக்க வேண்டும் என்பது புலனாய்வு செய்தவர்களின் முடிவு. 2015-லும் 2016-லும் காவலர்கள் வேட்டைக்காரர்களோடு நடந்த சண்டைகளில் இறந்தார்கள். அதற்குப் பின் பயிற்சியும் கண்காணிப்பும் மாறின, சுற்றியிருக்கும் ஊர்களில் மருத்துவமனை, பள்ளி, மின்சாரம் என்று பூங்கா நிர்வாகமே செலவு செய்ய ஆரம்பித்தது. யானை வேட்டை வெகுவாகக் குறைந்தது. 22,000 இருந்த இடத்தில் இன்று ஆயிரத்துச் சொச்சம். காங்கோ நாட்டில் மிஞ்சியிருக்கும் ஒட்டகச்சிவிங்கிகள் எல்லாம் இங்கேதான். ஒரு கட்டத்தில் நாற்பதுக்கும் குறைவாகப் போய், இப்போது மெல்ல ஏறிக்கொண்டிருக்கின்றன.

வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கதை வேறொரு ஊரில் தொடர்கிறது. 1975-ல், விலங்கு பிடித்து விற்பவர்கள் சூடானின் ஷாம்பே பகுதியில் சில குட்டிகளைப் பிடித்து அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் ட்வூர் கிராலோவே மிருகக்காட்சி சாலைக்கு விற்றார்கள். அதில் ஓர் ஆண் குட்டிக்கு சூடான் என்றே பெயர். பனி பெய்யும் அந்த ஊரில் 1989-ல் அவனுக்கு நாஜின் என்ற மகள் பிறந்தாள்; 2000-ல் அவளுக்கு ஃபாட்டு பிறந்தாள். 2009 டிசம்பரில் இந்த மூவரையும், சுனி என்ற இன்னொரு ஆணையும் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்துக்குக் கொண்டுவந்தார்கள். கரம்பாவின் ஐந்தைக் கென்யாவுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று தடுத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சுனி 2014-ல் இறந்தது. சூடான் 2018 மார்ச் 19 அன்று இறந்தது. அதுதான் கடைசி ஆண். இப்போது உலகத்தில் இருப்பவை நாஜின், ஃபாட்டு என்ற இரண்டு பெண்கள் மட்டும். ஃபாட்டுவின் கருமுட்டையையும், இறந்துபோன ஆண்களிடமிருந்து முன்பே எடுத்து உறையவைத்த விந்துவையும் சேர்த்து விஞ்ஞானிகள் கருக்களை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். தெற்கு வகைப் பெண் ஒன்றை வாடகைத் தாயாக்குவது திட்டம். அன்று காட்டிலிருந்து விற்பனைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவை இல்லையென்றால் இந்த முயற்சிக்குக்கூட வழியில்லை. கசப்பாக இருந்தாலும் இது உண்மை.

2023 ஜூன் மாதம் கரம்பாவுக்கு மறுபடியும் காண்டாமிருகங்கள் வந்தன. தென்னாப்பிரிக்காவின் ஃபிண்டா காப்பகத்திலிருந்து பதினாறு, 3,400 கி.மீ.-க்கும் மேல் பயணம் செய்து வந்து சேர்ந்தன. செலவுக்குப் பணம் கொடுத்தது பக்கத்துக் கிபாலி தங்கச் சுரங்கத்தை நடத்தும் பாரிக் நிறுவனம். வந்தவை தெற்கு வகை. அதாவது 1895-ல் உம்ஃபொலோசியில் மிஞ்சிய அந்த நூறுக்கும் குறைவானவற்றின் வம்சம். பூங்கா எந்த மிருகத்துக்காக உருவானதோ அது இல்லை. அதன் தூரத்து உறவு. வல்லுநர்களில் சிலர் இரண்டையும் தனித்தனி இனங்களாகவே கருதுகிறார்கள். ஆனாலும் அதே அகன்ற வாய், அதே மேய்ச்சல். குட்டையாக மேய்ந்த புல்லில் சிறிய மான்கள் வந்து மேயும், அந்த இடங்களில் தீ எளிதில் தாண்டாது. பதினேழு வருடமாகக் கரம்பாவின் புல்லுக்கு அந்த வாய் கிடைக்கவில்லை.

சரியாகப் பார்த்தால், கரம்பாவிலிருந்து எதையும் எடுத்துப் போகாமல் வெளியூரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கித் தங்கிவிட்ட விருந்தாளிகள் இந்தப் பதினாறுதான். நாஜினும் ஃபாட்டுவும் கரம்பாவை இதுவரை பார்த்ததில்லை.